மார்புவரை வந்த டாக்டர்

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்பது எங்கள் கள்ளிமுனையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். வந்தவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது, வீட்டுக்காரர் 'வாங்க' என்று சொல்லக் கூடாது, சொன்னால் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு துக்கம் மறுபடியும் படியேறும் என்று ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேலும் படித்து, நோயாளியிடம் கனிவாகப் பேசுவது எப்படி என்று தனியாக ஒரு பயிற்சியும் எடுத்த டாக்டர் ஹரிகேசவனுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது, தெரிந்தது வாய்க்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதனால் அவர் இன்றைக்கும் சந்தனமாரி வீட்டு முன்னறையில், பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில், மார்பு வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஊர் உப்பளத்து ஊர். மண்ணும் உப்பு, காற்றும் உப்பு, பாத்தியில் நின்று நின்று வெடித்த எங்கள் காலும் உப்பு. இப்படிப்பட்ட இடத்துக்கு எந்த டாக்டரும் வந்து குடியிருக்க மாட்டார் என்பதால், பட்டணத்துக் கம்பெனி ஒன்று பூட்டிக்கிடந்த ரேஷன் கடைக்கு வெள்ளையடித்து, சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டி, மருத்துவ மையம் என்று போர்டும் வைத்துவிட்டுப் போனது. நர்ஸ் படிப்பு முடித்த எங்கள் ஊர்ப் பெண் ஜெசிந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அவள் பொத்தானை அமுக்கினால் சென்னையில் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஹரிகேசவனின் முகம் திரையில் வரும், தலையை வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்க்கும், "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று சொல்லும், "நீங்க தனியா இல்ல, நான் உங்களோட இருக்கேன்" என்று சொல்லும், நாம் வாயைத் திறப்பதற்குள் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு மறைந்துவிடும். முதலில் எங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எங்கள் கஷ்டம் புரிகிறது என்று அதுவரை எங்களிடம் யார் சொன்னார்கள்?

சந்தனமாரி உப்பு வாருகிறவள், புருஷன் இல்லாதவள், வள்ளிமயில் என்கிற ஒற்றை மகளைத் தவிர இந்த உலகத்தில் வேறு பிடிமானம் இல்லாதவள். கல்யாணமாகித் திருப்பூருக்குப் போயிருந்த வள்ளிமயில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் தலைவலி என்றாள், கண் மங்குகிறது என்றாள், கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை என்றாள். சந்தனமாரி அவளை மையத்துக்குக் கூட்டிப்போனாள். ஜெசிந்தா, "சார், பிரஷர் மெஷின் ரிப்பேர், சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு, இன்னும் வரல" என்று சொல்லவும், டாக்டர் "புரியுது சிஸ்டர்" என்றார். வள்ளிமயில் சேலையை விலக்கி, பெருத்த வயிற்றோடு சிரமப்பட்டு, வீங்கிய காலைத் தூக்கிக் காமிராவுக்கு முன்னால் காட்டினாள்.

"கால் வேண்டாம்மா. முகத்தைக் காட்டுங்க, போதும்" என்றார் டாக்டர். "முதல் பிரசவம்ல, பயம் இருக்கும். உங்க பயம் எனக்குப் புரியுது."

அந்த வாரம் முடிவதற்குள் வள்ளிமயிலுக்கு வலிப்பு வந்தது. மிக்கேல் தன் லோடு ஆட்டோவில் மெத்தையை விரித்து அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான், ரயில்வே கேட் மூடியிருந்தது, கேட் திறந்தபோது தாயும் பிள்ளையும் போய்விட்டிருந்தார்கள். சந்தனமாரி அழவில்லை. மகளை எடுத்துக்கொண்டு போகும்போதும் அழவில்லை, மருமகன் மண்ணில் விழுந்து புரண்டபோதும் அழவில்லை, வாயை இறுக மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள்தான்.

இறந்த நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் திரையில் வந்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டமாம். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு கையகலத் திரை ஒன்றை எடுத்துவந்து, பெண்கள் கூடியிருந்த முன்னறையில், பச்சை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். ஒப்பாரிக்காரி பிச்சம்மாள்கூட மரியாதைக்காகப் பாட்டை நிறுத்தினாள். டாக்டர் வந்தார். தலை வலப்பக்கம் சாய்ந்தது. காமிராவுக்குக் கீழே எதையோ பார்த்துப் பார்த்து, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது என்றார், நான் உங்களோடு இருக்கிறேன் என்றார், படித்து முடித்ததும் இரண்டு கையையும் குவித்து, அடுத்த நோயாளி காத்திருக்கும் அவசரத்தில், "சரிம்மா, போயிட்டு வர்றேன்" என்றார்.

கூடியிருந்த பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஜெசிந்தா பாய்ந்து திரையை அணைக்கப் போனாள். அதற்குள், மகள் செத்த நேரத்திலிருந்து வாய் திறக்காத சந்தனமாரி, எந்தத் துக்க வீட்டிலும் எவளும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"வாங்க" என்றாள். "வாங்க சார். அவசியம் வாங்க."

மறுநாள் காலையில் சந்தனமாரி வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தபோது டாக்டர் வந்திருந்தார். திரையில் எவ்வளவு தெரிந்தாரோ அவ்வளவும் வந்திருந்தார்: வாரிய தலை, கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, அதன் பையில் செருகிய பேனா, குவித்த கைகள். பேனாவுக்குக் கீழே ஒன்றும் இல்லை, நாற்காலியின் பச்சைப் பட்டைகள்தான் தெரிந்தன. கைகளைப் பிரிக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார், அவை பிரியவில்லை.

"இது எந்த இடம்?" என்று கேட்டார்.

"கள்ளிமுனை சார். வாரேன்னு சொன்னிய, வந்திருக்கிய" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது முறை என்பதால் செம்பைத் தூக்கி அவர் வாயில் ஊற்றினாள். அது எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது, சென்னைக்குப் போயிற்று. ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தாவின் போனில் டாக்டரின் மனைவி மைதிலி அழைத்து, தன் கணவரின் இடுப்பும் வயிறும் கால்களும் வழக்கம்போலப் படுக்கையிலிருந்து எழுந்து, நடந்து, சோபாவில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டிருப்பதாகவும், மீதி அங்கே வந்திருக்கிறதா என்றும் கேட்டாள். வந்திருக்கிறது என்று ஜெசிந்தா சொன்னாள். அவருக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்றாள் மைதிலி.

கம்பெனிக்குச் சொன்னோம். தேன் குரலில் ஒரு பெண், "உங்கள் உணர்வுகளை நாங்கள் மதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் இப்போது வெளியூர்ப் பணியில் இருப்பதாகப் பதிந்துகொண்டாள். நாங்களும் அதற்குமேல் மெனக்கெடவில்லை. உப்புக்கு விலை இல்லை, லாரிக்காரன் வரவில்லை, மழை வந்து பாத்தி கரைந்துவிடுமோ என்கிற கவலைகளுக்கு நடுவில் ஒரு டாக்டர் பாதியாக வந்து உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு அதிசயமாக இருக்கும்? கோயில் பூசாரி வந்து பார்த்து இது நம் கணக்கில் வராது என்றார், சர்ச் சாமியார் வந்து பார்த்து தன் கணக்கிலும் வராது என்றார், அரை வைத்தியன் என்று கேள்விப்பட்டிருக்கிறோம் இப்போதுதான் பார்க்கிறோம் என்று பிச்சம்மாள் சொன்னாள், அதோடு ஊர் சிரித்துவிட்டு வேலைக்குப் போனது.

வேலையிலிருந்து திரும்பி வந்ததும்தான் ஊருக்கு யோசனை வந்தது. திரையில் எங்களை வாய் திறக்க விடாத மனிதர் இப்போது எழுந்து போகக் காலில்லாமல், பொத்தானை அமுக்கக் கை பிரியாமல் கிடைத்திருக்கிறார். மிக்கேல்தான் முதலில் போனான். குனிந்தபடியே போய் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, தன் முதுகுவலியை, அது தொடங்கிய இடத்திலிருந்து, அந்த இடத்துக்கு முன்னால் நடந்த மச்சினன் கல்யாணத்திலிருந்து, கல்யாணத்தில் தன்னைப் பந்தியில் கூப்பிடாமல் விட்டதிலிருந்து சொன்னான், அழுதான், வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடியும் சொன்னான். அவனுக்குப் பின்னால் மூட்டுவலி வந்தது, மாதவிலக்குக் கோளாறு வந்தது, உப்பு அரித்துக் கண்பார்வை போனவர்கள் கைபிடித்துக்கொண்டு வந்தார்கள், என்ன நோய் என்று தெரியாமலே செத்தவர்களின் பெண்டாட்டிகள் வந்தார்கள், எல்லோரும் சொன்னார்கள், முழுசாகச் சொன்னார்கள், ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு நடுநடுவே பிச்சம்மாள் வந்து உட்கார்ந்து, வள்ளிமயில் பிறந்தது முதல் ரயில்வே கேட் வரைக்கும் அவர் முகத்துக்கு நேராக மாரடித்துப் பாடினாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். காதை மூடக் கை வரவில்லை. எங்களுக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், பொய் சொல்வானேன், இனித்தது.

சந்தனமாரி மட்டும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு ஊட்டினாள். தான் குடிக்கிற கஞ்சியைத்தான் அவருக்கும் கொடுத்தாள், அதில் உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டாள், தொட்டுக்கொள்ளக் கருவாடு வைத்தாள், கருவாட்டின் மேலும் உப்பைத் தூவினாள். "உப்பு ரொம்ப அதிகம்மா" என்று அவர் முகத்தைச் சுளித்தால், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவுக சொல்லிருக்காவ சார், நினைங்க" என்று அடுத்த கவளத்தைத் திணித்தாள். அவள் செய்வது என்ன என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உப்புக் குறைந்தால் கேட்கச் சொல்லி நாங்கள்தான் அவளுக்குக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சில வாரங்களில் டாக்டரின் முகம் ஊதியது. "எனக்குக் கால் கனக்குது" என்றார் ஒருநாள். எதிரில் உட்கார்ந்திருந்த மிக்கேல் தலையை வலப்பக்கமாகச் சாய்த்தான்.

"புரியுது சார்" என்றான். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

"இல்லப்பா, நிஜமாவே வீங்கியிருக்கு. எனக்கு இங்கிருந்து தெரியல. ஆனா உணர முடியுது. தலை வலிக்குது."

"நீங்க தனியா இல்ல சார். நாங்க இருக்கோம்லா."

அதற்குப் பிறகு யார் போனாலும் அதையே சொன்னோம். பெண்கள் சொன்னார்கள், பிள்ளைகள் சொன்னார்கள், பல்போன பிச்சம்மாள் அவர் சாய்க்கிற கோணத்திலேயே தலையைச் சாய்த்துச் சொன்னாள். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெசிந்தாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மைதிலியிடம் பேசி, சென்னையில் சோபாவில் இருக்கும் கால்களைப் போனில் காட்டச் சொல்லி, டாக்டரின் கண்ணுக்கு நேரே போனைப் பிடிக்கப் போனாள். சந்தனமாரி அதைக் கையால் மறைத்தாள்.

"கால் வேண்டாம்ட்டி. முகத்தைக் காட்டச் சொல்லு, போதும்."

காலுக்கு ஏது முகம்? மறுமுனையில் மைதிலி அழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கடைசியில் அவளே கிளம்பி வந்தாள். ரயிலில் கீழ்ப்படுக்கையில் கால்களைப் படுக்கவைத்துப் போர்வையால் மூடிக் கூட்டிவந்தாளாம், டிக்கெட் பரிசோதகர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று யோசித்து, வீக்கத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் போய்விட்டாராம். மிக்கேல் தன் வண்டியில் ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவந்தான். தெருவே கூடி நிற்க, கால்கள் தாமாக இறங்கி நடக்கப் பார்த்தன, முடியவில்லை, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போய் நாற்காலிக்கு முன்னால் பாயில் கிடத்தினார்கள். கால்சட்டைத் துணி தெறித்துவிடும்போல இறுகியிருந்தது. மைதிலி சந்தனமாரியின் காலில் விழுந்தாள்.

"அம்மா, நான் உங்க மக மாதிரி..."

"எம் மக மாதிரி இன்னொருத்தி கிடையாது தாயி. எந்திரி" என்றாள் சந்தனமாரி. பிறகு டாக்டரைப் பார்த்து, "கால் வந்திருக்கு சார். பாருங்க" என்றாள்.

அப்போதுதான் அவர் குவித்த கைகள் பிரிந்தன. அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, தன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்தது, விழுந்த குழி நிரம்பவில்லை. அவர் மறுபடியும் அழுத்தினார், இன்னும் மேலே அழுத்தினார், முட்டி வரைக்கும் அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் சாய்வு போய்விட்டது. நாங்கள் பார்த்தே இராத ஒரு டாக்டர் அந்த முகத்துக்குள்ளிருந்து எழுந்து வந்து, யாரையும் பார்க்காமல், மளமளவென்று பேசினார்.

"பிரஷர் எகிறியிருக்கும். கிட்னியைப் பார்க்கணும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், இப்பவே, தாமதிச்சா வலிப்பு வந்துடும். யாராவது வண்டியை எடுங்க."

ஒருவரும் அசையவில்லை. சந்தனமாரி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன் சார். எம் பிள்ளை காலைத் தூக்கிக் காட்டுச்சுல்லா. அன்னைக்கு இந்தா ஜெசிந்தாவை இதே மாதிரி அமுக்கிப் பாக்கச் சொல்லி நீங்க பாத்திருந்தா, இதையேதான் சொல்லிருப்பியளா?"

டாக்டர் வாயைத் திறந்தார். பழக்கத்தில் அவர் கண் கீழே எதையோ தேடியது. அங்கே அவருடைய கால்கள்தான் கிடந்தன.

"ஆமாம்மா" என்றார்.

"சொல்லி, நாங்க கொண்டு போயிருந்தா?"

"பிழைச்சிருப்பாங்க." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "ரெண்டு பேரும்."

அது எங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தனமாரிக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த வாயிலிருந்து அது வந்தபோது அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், மகள் செத்து அத்தனை காலமாக வராத அழுகை அப்போது வந்தது, அப்படியொரு அழுகையை நாங்கள் எந்தச் சாவிலும் கேட்டதில்லை, பிச்சம்மாளே அதற்கு எதிர்ப்பாட்டு எடுக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் குரல் தெளிந்திருந்தது.

"மிக்கேல் அண்ணே, வண்டியை எடுங்க. காலை ஏத்துங்க. அது ஒரு பாவமும் பண்ணல."

இரண்டு பேர் கால்களைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது மிக்கேல் திரும்பி நாற்காலியைப் பார்த்தான்.

"மேல உள்ளதையும் ஏத்தவா தங்கச்சி?"

"மேல உள்ளதுக்கு என்ன நோவு? நல்லாத்தான பேசுது."

வண்டி போய்விட்டது. அன்றைக்குக் கேட் திறந்திருந்ததாம். மைதிலி கால்களோடு போனாள், ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் அழுத்திப் பார்த்து வைத்தியம் செய்தார்கள், வீக்கம் வற்றியது, இப்போது அவை காலையில் சென்னைக் கடற்கரையில் நடக்கப் போகின்றனவாம். டாக்டருக்கு அதற்குப் பிறகு சந்தனமாரி கஞ்சியில் உப்புப் போடுவதில்லை. முகம் தேறிவிட்டது. அவர் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்பதில் அவளைவிட அக்கறையுள்ளவர்கள் யாரும் இல்லை.

ஏனென்றால் வண்டி போன பிறகு அவள் அவர் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு பேரும்னு சொன்னிய. இப்பச் சொல்லுங்க. பிழைச்சிருந்தா இன்னைக்கு எம் பிள்ளை என்ன செய்துக்கிட்டு இருப்பா?" என்று கேட்டாள். அவர் புரியுதும்மா என்று தொடங்கினார். "அது வேண்டாம்" என்றாள். "அவ என்ன செய்வான்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் திணறினார். பிறகு சொன்னார். பிரசவம் சிசேரியனாக இருந்திருக்கும் என்றார், பெண்குழந்தை என்றார், எடை குறைவு என்றார், பால் கட்டி வள்ளிமயிலுக்குக் காய்ச்சல் வந்திருக்கும் என்றார். அவள் மறுநாளும் கேட்டாள். தினமும் கேட்கிறாள். உப்பு வாரிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள், அவர் அன்றைய நாளைச் சொல்கிறார்: குழந்தை முகம் பார்த்துச் சிரித்தது, குப்புற விழுந்தது, தடுப்பூசி போட்டு அழுதது, மருமகன் திருப்பூரிலிருந்து கொலுசு வாங்கிவந்தான், அது ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. ஏதாவது ஒரு நாளைத் தாண்டப் பார்த்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். சொல்லச் சொல்ல அவர் அழுகிறார். நான் எப்போது போகலாம் என்று முன்பெல்லாம் கேட்பார், வீட்டுக்கு வந்தவர்களைப் போகச் சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை என்று அவள் பதில் சொல்வாள். இப்போது கேட்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை, குழந்தைக்குக் கீழ்வரிசையில் பல் முளைத்திருக்கும் என்றார். சந்தனமாரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அரிசியை ஊறப்போட்டு இடித்து, தேங்காய் துருவி, அரிசியரிசியாக உருட்டிப் பல்லுக் கொழுக்கட்டை அவித்து, தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் குழந்தையின் பெயரைக் கேட்டோம், சொன்னாள், வாழ்த்தித் தின்றோம். கடைசியில் கிண்ணத்தில் மீதி இருந்ததை எடுத்துக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது, டாக்டர் கழுத்தை நீட்டி அதைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு தாங்கம்மா" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தானே தின்றாள்.